இரண்டு தடவை சொல்கிறவள்

பிப்ரவரி 12

என் ஊமைக்கோட்டானுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பத்தி நாலு வரியாவது எழுது. போன தடவை மாதிரி "நல்லா இருக்கேன், குளிர் ஜாஸ்தி"ன்னு தந்தி அடிச்சா, பதிலுக்கு நானும் தந்திதான் அடிப்பேன்.

போன் என்ன ஆச்சு, ஏன் திடீர்னு கடிதம்னு கேப்பே. தொண்டை டாக்டர்கிட்ட போயிருந்தேன். உள்ளே ரெண்டு சின்ன முடிச்சு வந்திருக்காம். பயப்பட ஒண்ணுமில்லை, பஸ் நிலையத்துல வருஷக்கணக்கா மைக் முன்னாடி உட்கார்ந்து அறிவிக்கறவங்களுக்கு வர்றதுதானாம். வேலை நேரத்துல அளவாப் பேசலாம், வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கவே கூடாதுன்னுட்டார். உங்கப்பா அந்த டாக்டருக்கு ஒரு கோயிலே கட்டிடலாங்கறார். டிப்போவுல டயர் கழட்டற ஆளுங்க எல்லார்கிட்டேயும் போய்ச் சொல்லியாச்சு, இனிப்பு கொடுக்காத குறை.

அதனால இனிமே பேச்செல்லாம் பேப்பர்லதான். அதுவும் ஒரு வகையில நல்லதுதான். போன்ல நான் பேசினா நீ "ம்" கொட்டுவே. கடிதத்துல "ம்" கொட்டிட்டு தப்பிக்க முடியாது பார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் தேர்தல்ல நிக்கப் போறேன். மறுபடியும் சொல்றேன், நான் தேர்தல்ல நிக்கப் போறேன். ரெண்டு தடவை சொல்லாட்டா எனக்குச் சொன்ன மாதிரியே இருக்காதுன்னுதான் உனக்குத் தெரியுமே. சின்ன வயசுல உன்னை எழுப்பறப்போகூட ரெண்டு தடவை அறிவிச்சுட்டுத்தான் போர்வையை இழுப்பேன்.

கட்சி கிட்சி ஒண்ணுமில்லை. நான் தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்துல ரெண்டாவது வருஷம் படிக்கறேன் இல்லையா, அங்கே இளநிலை படிக்கறவங்களுக்காக ஒரு பிரதிநிதி வேணுமாம். மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். கல்விக் குழு கூடறப்போ அந்தப் பிரதிநிதியும் போய் உட்காரலாம், கேள்வி கேக்கலாம். இதுவரைக்கும் அந்த நாற்காலி காலியாவே இருந்திருக்கு. யாரும் நிக்கலையாம். நிப்பாங்களா சொல்லு. நாங்க எங்கெங்கேயோ இருக்கோம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. பாடம் வீடு தேடி வருது, சமையல்கட்டுல உட்கார்ந்து படிக்கறோம், தேர்வு எழுதிட்டு அவங்கவங்க வழியில போயிடறோம்.

இந்த வருஷம் ரெண்டு பேர் நிக்கறோம். இன்னொருத்தர் இன்சூரன்ஸ் முகவர். போட்டோவுல டை எல்லாம் கட்டியிருக்கார். என் போட்டோவுல பின்னாடி உங்கப்பாவோட துவைச்ச சட்டை தொங்குது.

ஏன் நிக்கறேன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இப்போ எழுத மாட்டேன். எழுதினா நீ கோவிச்சுக்குவே.

ஸ்வெட்டர் போட்டுக்கோ. மறுபடியும் சொல்றேன், போட்டுக்கோ.

உன் அம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். குளிர் ஜாஸ்தி. (அடிக்க வராதே, இன்னும் எழுதறேன்.)

தொண்டை விஷயத்தை இவ்வளவு சாதாரணமா எழுதியிருக்கே. முடிச்சுன்னா முடிச்சுதானே, அதுல என்ன சின்னது பெரியது? அப்பாவும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கார் போல. டாக்டர் என்ன மருந்து கொடுத்தார், எப்போ மறுபடியும் வரச் சொன்னார்னு ஒழுங்கா எழுது.

அதுக்கு மேல இந்தத் தேர்தல் வேறே. பேசாதேன்னு டாக்டர் சொன்னா, ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்காகப் பேசப் போறேங்கறியே, இது எந்த ஊர் நியாயம்? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு அப்புறம் குத்துது குடையுதுன்னு சொல்லாதே. காலையில ஆறு மணி ஷிப்ட், சாயங்காலம் வீட்டு வேலை, நடுவுல உன் படிப்பு. இதுல இன்னொண்ணா? கேக்கறேன்னு தப்பா நினைக்காதே, இதுல உனக்கு என்ன லாபம்? சம்பளமா, பதவி உயர்வா, மார்க்குல ரெண்டு கூடப் போடுவாங்களா? ஏதாவது நடக்கலைன்னா எல்லாரும் உன்னைத்தான் திட்டுவாங்க. பஸ் தாமதமானா டிரைவரைத் திட்டாம அறிவிச்ச உன்னைத் திட்டறாங்களே, அந்த மாதிரி.

இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். ஹோட்டலோட துணி அறை தரைக்குக் கீழே இருக்கு, ஜன்னல் கிடையாது, அதனால வெளியே பனியா வெயிலான்னு தெரியாது. மேல் மாடிகள்லேருந்து படுக்கை விரிப்பு குழாய் வழியா தொப்பு தொப்புன்னு விழும். பிரிச்சு, துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு, தள்ளுவண்டியில ஏத்தி மேலே அனுப்பணும். ஓரம் ஒரு விரல்கூட விலகக் கூடாது. என் மடிப்பைப் பார்த்துட்டு மேலாளர் போன வாரம் "இதைப் போல மடியுங்க"ன்னு எல்லாருக்கும் காட்டினார். அந்த அளவுக்கு உன் பொண்ணு கெட்டிக்காரிதான்.

சூப்பர்வைசர் இடம் ஒண்ணு காலியாகுது. பட்டம் வாங்கினவங்களுக்குத்தானாம். போகட்டும்.

அப்புறம், படிப்புப் பேச்சை என்கிட்ட எடுக்க மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணியிருக்கே. உன் படிப்பைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் எழுது. என்னுதுக்கு வராதே.

அன்புடன்,
உன் மகள்


மார்ச் 20

என் ஊமைக்கோட்டானுக்கு,

ஜெயிச்சுட்டேன்! ஜெயிச்சுட்டேன்!

பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை, மயிரிழைதான். ஆனாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதானே. உங்கப்பா டிப்போ முழுக்கச் சொல்லிட்டார். நேத்து நான் உள்ளே போறப்போ ஒரு மெக்கானிக் எழுந்து நின்னு "வணக்கம் தலைவரே"ங்கறான். வெக்கமாவும் இருந்தது, உள்ளுக்குள்ள குளுகுளுன்னும் இருந்தது.

நடந்ததைக் கேளு. வேட்பாளர் ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி அனுப்பணும். அதை எல்லா மாணவர்களுக்கும் அனுப்பி வைப்பாங்க. வீட்டுல பேசக் கூடாதே, அதனால வேலை முடிஞ்சதும் எங்க அறிவிப்பு அறையிலேயே உட்கார்ந்து பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிங்க ரிவர்ஸ்ல வந்து நிக்குது, இந்தப் பக்கம் நான். அங்கே உட்கார்ந்தாலே எனக்கு அந்தக் குரல்தான் வருது. "மாணவர்களின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லி, ஒரு நிமிஷத்துல பாதி அதுலேயே போயிடுச்சு. இன்சூரன்ஸ்காரர் மூச்சு விடாம ஏகப்பட்ட வாக்குறுதி கொடுத்தார். நான் கொடுத்தது ஒண்ணே ஒண்ணு. அது என்னன்னு எழுத மாட்டேன், படிச்சா கேலி பண்ணுவே.

ஆனா கேட்டவங்க என்ன எழுதினாங்க தெரியுமா? "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேன்"னு பாதிப் பேர். "அக்கா, வருஷக்கணக்கா என்னை வண்டி ஏத்தி விட்டது நீங்கதான்"னு ஒரு மின்வாரிய லைன்மேன். இத்தனை வருஷமா நான் இருட்டு அறையில தனியாப் பேசறதா நினைச்சேன். கேக்க ஆளிருந்திருக்கு.

லாபம் என்னன்னு கேட்டியே. சம்பளம் கிடையாது. மார்க் கிடையாது. ஆனா கூட்டத்துக்குப் போக வர பஸ் செலவு அவங்களே கொடுக்கறாங்க. கூட்டம் எப்படி நடக்கும், எப்போ கை தூக்கணும், தீர்மானம்னா என்ன, மறுப்பை எப்படிச் சொல்லணும்னு ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தாங்க. முடிச்சதுக்குச் சான்றிதழ் உண்டு, பட்டம் வாங்கறப்போ மதிப்பெண் பட்டியல்லேயே "மாணவர் பிரதிநிதி"ன்னு குறிச்சுக் கொடுப்பாங்களாம். இதைக் கேள்விப்பட்டு எங்க நிலைய மேலாளர் என்னைப் பயணிகள் குறைதீர்க்கும் குழுவுல போட்டிருக்கார். இத்தனை வருஷம் அவருக்கு என் குரல்தான் தெரியும், இப்போ முகமும் தெரியுது.

இதெல்லாம் கூடப் பெரிசில்லை. நான் தனியாப் படிச்சுக்கிட்டு இருந்தேன் இல்லையா, இப்போ எனக்கு ஆட்கள் இருக்காங்க. ஆம்புலன்ஸ் ஓட்டற ஒருத்தர், இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி, அந்த லைன்மேன் எல்லாரும் வாரம் ஒரு தடவை போன்ல சேர்ந்து பாடம் படிக்கறோம். அவங்க பேசறாங்க, நான் டாக்டர் சொன்ன மாதிரி வாயை மூடிக் கேக்கறேன். புரியாததை எழுதி அனுப்பறேன். போன வருஷம் தலைகீழா நின்னும் புரியாத பாடம், இரட்டைக் குழந்தைக்காரி குழந்தைக்கு சோறு ஊட்டிக்கிட்டே சொல்லிக் கொடுத்தா.

சூப்பர்வைசர் விஷயம் என்னாச்சு? சத்தியம் ஞாபகம் இருக்கு, வேறே ஒண்ணும் கேக்கலை.

உன் அம்மா
(இளநிலை மாணவர் பிரதிநிதி. ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கறேன்.)


ஏப்ரல் 9

அன்புள்ள பிரதிநிதி அம்மாவுக்கு,

சரி, ஒத்துக்கறேன். எனக்கும் பெருமையாத்தான் இருக்கு. கூட வேலை பார்க்கறவங்ககிட்ட "எங்கம்மா தேர்தல்ல ஜெயிச்சுட்டாங்க"ன்னு சொன்னேன். மந்திரியான்னு கேட்டாங்க. இல்லை, அதுக்கும் மேலேன்னு சொல்லிட்டேன்.

ஆனா தொண்டையை மறக்காதே. "நீங்க ஒரு தடவை சொன்னா போதும், நான் போய் ரெண்டு தடவை சொல்றேன்"னு வாக்குக் கொடுத்துட்டு, அப்புறம் சொல்றதுக்குக் குரலே இல்லாமப் போயிடப் போகுது.

சூப்பர்வைசர் வேலை வேறே பெண்ணுக்குப் போயிடுச்சு. நல்ல பெண்தான். படுக்கை விரிப்பு மடிக்க என்கிட்டதான் கத்துக்கிட்டா. பொறுப்பு ஏத்துக்கிட்ட அன்னைக்கே என்னைப் பார்த்து "நீங்க இருக்க வேண்டிய இடம்"னு சொன்னா. நான் வழக்கம் போல விரிப்பை மடிக்கக் குனிஞ்சுட்டேன்.

கூட்டத்துல முதல்ல எதைக் கேக்கப் போறே?

அன்புடன்,
உன் மகள்


மே 5

என் ஊமைக்கோட்டானுக்கு,

முதல்ல ஒரு கேள்வி. நான் என்ன வாக்குக் கொடுத்தேன்னு உனக்கு யார் சொன்னது? நான் எழுதவே இல்லையே! உங்கப்பாதான் போன்ல உளறியிருக்கணும். கேட்டா "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு டயரைப் பார்க்கற மாதிரி சுவரைப் பார்க்கறார்.

முதல் கூட்டம் முடிஞ்சுது. என் மானம் போன கதையைக் கேளு.

பெரிய அறை, நீள மேஜை. என் பேருக்கு ஒரு அட்டை, அதுக்குக் கீழே "மாணவர் பிரதிநிதி"ன்னு. அதை யாரும் பார்க்காதப்போ தொட்டுப் பார்த்துக்கிட்டேன். தலைமை ஒரு பேராசிரியை அம்மா. எனக்கு எதிர்ல தேர்வு அதிகாரி, ஒல்லியா, கண்ணாடி மூக்கு நுனியில நிக்கும். மூலையில ஒரு பெண், கூட்டத்துல பேசறதைக் குறிப்பு எடுக்க. சில பேர் வேறே ஊர்கள்லேருந்து கம்ப்யூட்டர் திரையில வந்திருந்தாங்க.

ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு மைக். அங்கேதான் வந்தது வினை. என் முறை வந்ததும் பட்டனை அழுத்தினேன், பச்சை விளக்கு எரிஞ்சுது, அவ்வளவுதான். "கல்விக் குழுவினரின் கனிவான கவனத்திற்கு"ன்னு வாய் தானாச் சொல்லிடுச்சு! அறையே சிரிச்சுது. சிரிச்சு அடங்கறதுக்குள்ள நான் கேக்க வேண்டியதைக் கேட்டேன். கேட்டு முடிச்சதும், "மீண்டும்"னு ஆரம்பிச்சு அச்சு அசலா அதையே இன்னொரு தடவை கேட்டேன். பேராசிரியை அம்மா சிரிச்சுக்கிட்டே, "இங்கே யாரும் வண்டியைத் தவற விட மாட்டாங்கம்மா, ஒரு தடவை போதும்"னாங்க. திரையில இருந்த ஒருத்தர் மட்டும், "நல்ல வேளை, முதல் தடவை எனக்கு இங்கே சத்தமே வரலை"ன்னார்.

என்ன கேட்டேன்னா, தேர்வு அன்னைக்கு உடம்பு சரியில்லாமலோ, வேலையில விடுப்பு கிடைக்காமலோ ஒரு தாளைத் தவற விட்டா, இப்போ அந்த வருஷத்தையே மறுபடியும் பதிஞ்சு முதல்லேருந்து படிக்கணும். ஒரு தாளுக்காக ஒரு வருஷம். ஆம்புலன்ஸ்காரர் ரெண்டு தடவை இப்படி வருஷத்தை விட்டிருக்கார். தேர்வுக்குப் போற வழியில அழைப்பு வந்திருக்கு, மனுஷன் வண்டியைத் திருப்பிட்டார். அவங்களை அடுத்த தடவை அந்த ஒரு தாளை மட்டும் எழுத விடுங்கன்னு கேட்டேன். அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்னாங்க.

மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆனா எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கறதைப் பார்க்கறது அதுதான் முதல் தடவை.

டாக்டர் திட்டினார். முடிச்சு அப்படியேதான் இருக்கு, பெரிசாகலை.

உன் அம்மா


மே 29

அன்புள்ள அம்மாவுக்கு,

"கல்விக் குழுவினரின் கனிவான கவனத்திற்கு" படிச்சுட்டு துணி அறையில தனியாச் சிரிச்சேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் சிரிச்சு அவங்க பார்த்ததே இல்லையாம்.

தாமதமா எழுதறேன். நடுவுல நல்ல காய்ச்சல். கவலைப்படாதே, இப்போ சரியாயிடுச்சு. படுக்கையிலேருந்து எழுந்திருக்கவே முடியலை. அந்த நேரம் பார்த்து ஒரு முக்கியமான காரியம் கைநழுவிப் போச்சு. என் ராசி அப்படி. எனக்குன்னு வர்றப்போதான் உடம்பு படுத்தும்.

அந்தத் தேர்வு விஷயம் என்ன ஆச்சு? அடுத்த கூட்டம் எப்போ? சும்மாதான் கேக்கறேன். ஒத்துக்குவாங்கன்னு தோணுதா உனக்கு?

அப்பா என்கிட்ட ஒண்ணும் உளறலை. பாவம், அவரை விட்டுடு.

அன்புடன்,
உன் மகள்


ஜூலை 10

என் ஊமைக்கோட்டானுக்கு,

உட்கார்ந்து நிதானமாப் படி. நீளமா எழுதப் போறேன். நேத்துதான் ரெண்டாவது கூட்டம்.

ஊர்த் திருவிழா நெரிசலால ரெண்டு வாரமா நிலையத்துல கூடுதல் வண்டி, கூடுதல் அறிவிப்பு. கூட்டத்து நாள் காலையிலேயே என் குரல் ஓட்டைப் பானையில சில்லறை போட்ட மாதிரி இருந்தது. உங்கப்பா சுடுதண்ணி பிளாஸ்க்கைக் கையில கொடுத்து, "நீ பேசறதை நிறுத்தணும்னு ஆசைப்பட்டவன் நான், இன்னைக்கு மட்டும் பேசிடு"ன்னு சொல்லி வண்டி ஏத்தி விட்டார்.

பேச வேண்டியதோட பட்டியல்ல நாலாவது பொருளா நம்ம கோரிக்கை வந்தது. தேர்வு அதிகாரி முடியாதுன்னுட்டார். அவரைக் கெட்டவர்னு நினைக்காதே. தனியா வினாத்தாள் எடுக்கணும், மையம் திறக்கணும், கண்காணிக்க ஆள் போடணும், நாலஞ்சு பேருக்காக அதெல்லாம் எப்படி நடத்தறதுன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். "ஒத்திவைக்கலாம்"னுட்டாங்க. ஆம்புலன்ஸ்காரருக்கு என்ன பதில் சொல்றது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேணும்னே அந்த அதிகாரி பக்கத்துல போய் உட்கார்ந்தேன். சண்டை போட இல்லை, தெரிஞ்சுக்க. பேசப் பேசத் தெரிஞ்சுது, இவங்க வருஷத்துல ரெண்டு தடவை மாணவர்களைச் சேர்க்கறாங்க. அதனால அதே பாடத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எப்படியும் தேர்வு நடக்குது. மையத்துல மேஜைங்க காலியாவே கிடக்குதுன்னு அவரே அலுத்துக்கறார். நான் சொன்னேன், "சார், பத்தரை வண்டியைத் தவற விட்டவங்களை நாங்க அடுத்த வருஷம் பத்தரை வண்டிக்கு வாங்கன்னு சொல்றதில்லை. அடுத்த வண்டியில இடம் இருந்தா ஏத்தி விட்டுடுவோம்." மனுஷன் சாப்பிடறதை நிறுத்திட்டு, கைதுடைக்கற காகிதத்துல பேனாவால கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். போட்டு முடிச்சுட்டு, "நடக்கும் போலிருக்கே"ன்னார். ஆனா பொருள்தான் ஒத்திவச்சாச்சே, இனி ரெண்டு மாசம் காத்திருக்கணுமேன்னு ரெண்டு பேரும் முழிச்சோம்.

இப்போதான் வேடிக்கை. சாயங்காலம் ஒன்பதாவது பொருளைப் படிச்சாங்க பார், அதே கோரிக்கை! வரிக்கு வரி அதேதான். பேராசிரியை அம்மா, "காலையிலேயே பேசினோமே இதை?"ன்னாங்க. குறிப்பெடுக்கற பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துடுச்சு. போன கூட்டத்து ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கா. நான் ரெண்டு தடவை சொன்னதைக் கேட்டு, ரெண்டு தனித்தனிக் கோரிக்கைன்னு நினைச்சு, நாலுலேயும் ஒன்பதுலேயும் போட்டுட்டா!

ஒரே சிரிப்பு. பேராசிரியை அம்மா அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தாங்க. நான் எழுந்து நின்னேன். "இருக்கட்டும் மேடம். எங்க நிலையத்துலேயும் முதல் அறிவிப்புக்கு யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, ரெண்டாவதுக்குத்தான் பெட்டியைத் தூக்குவாங்க"ன்னேன். பேனா கீழே போயிடுச்சு.

பேசறதுக்கு வாயைத் திறந்தா குரல் இல்லை, வெறும் காத்துதான் வருது. மைக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டேன். யாரோ எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாங்க. அத்தனை பேரும் மேஜை மேல குனிஞ்சு காதைக் கொடுத்தாங்க. அடுத்த வண்டி விஷயத்தைச் சொன்னேன். என் வாழ்நாள்ல முதல் தடவையா, ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கு மேல முடியலை. நான் உட்கார்ந்ததும் தேர்வு அதிகாரி மைக்கை அழுத்தி, "நடத்தலாம். இடம் இருக்கு. என் ஆட்சேபணையை விலக்கிக்கறேன்"னார்.

நிறைவேறிடுச்சு! தகுந்த காரணம் காட்டினா, தவற விட்ட தாளை அடுத்த அரையாண்டுத் தேர்வுலேயே எழுதலாம். இந்த மே மாசம் தவற விட்டவங்களுக்கும் சேர்த்து. எல்லாரும் கை தட்டினாங்கடி. எனக்கு. வண்டி புறப்படறதுக்கு யாராவது கை தட்டுவாங்களா? எனக்குப் பழக்கமே இல்லை, தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். தகவல் போட்ட உடனே ஆம்புலன்ஸ்காரர் சைரன் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கார், பைத்தியம்.

இனிமே அந்தக் காரணத்தை எழுதறேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி. சத்தியத்தை மீறறேன்.

கல்லூரியில ரெண்டாவது வருஷத் தேர்வு அன்னைக்கு உனக்கு இப்படித்தான் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் சீட்டோட போனே. கவுன்டர்ல உன் முறை வந்தது, நீ வாயைத் திறக்கறதுக்குள்ள உள்ளே இருந்த ஆள் "அடுத்தது"ன்னார். நீ நகர்ந்துட்டே. ஒண்ணுமே கேக்காம வீட்டுக்கு வந்து, சீட்டை மேஜை மேல வச்சுட்டு, இனிமே படிக்கலைன்னு சொன்னே. அதோட வேலை தேடிக் கடல் தாண்டிப் போயிட்டே. உன்னை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எல்லாருக்கும் கவுன்டர்ல சத்தம் போட வராது. ஆனா அன்னைக்கு உன் பக்கத்துல நின்னு, "அடுத்தது இருக்கட்டும், இந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு கேளுங்க"ன்னு சொல்ல அந்தக் கல்லூரியில ஒரு ஆள் இருந்திருந்தா?

அந்த ஆளா இருக்கணும்னுதான் நின்னேன். உனக்கு இல்லாமப் போச்சு, யாரோ பெத்த பிள்ளைங்களுக்காவது ஆகட்டும்னு.

உன் அம்மா


ஆகஸ்ட் 14

கண்ணு,

ஒரு மாசமா உன்கிட்டேருந்து ஒரு வரி இல்லை. கோவம்தான் போல. சத்தியத்தை மீறினது தப்புதான், ஆனா எழுதினது தப்பில்லை.

தொண்டை முடிச்சு ஒண்ணு கரைஞ்சுடுச்சாம். வீட்டுல கொஞ்சம் பேசலாம்னு டாக்டர் அனுமதி கொடுத்துட்டார். உங்கப்பா கோயில் கட்டற திட்டத்தைக் கைவிட்டுட்டார்.

"நல்லா இருக்கேன், குளிர் ஜாஸ்தி"ன்னாவது எழுது. அது போதும்.

அம்மா


ஆகஸ்ட் 22

மதிப்பிற்குரிய மாணவர் பிரதிநிதி அவர்களுக்கு,

வணக்கம். நான் நம் பல்கலைக்கழகத்தில் இளநிலை முதலாம் ஆண்டு பயிலும் மாணவி. வெளிநாட்டில் ஒரு ஹோட்டலின் துணி அறையில் பணிபுரிகிறேன். கடந்த மே மாதத் தேர்வில், கடைசித் தாள் அன்று கடும் காய்ச்சல் காரணமாக என்னால் இங்குள்ள தேர்வு மையத்துக்குச் செல்ல இயலவில்லை. புதிய தீர்மானத்தின்படி அத்தாளை அடுத்த தேர்வில் எழுத அனுமதி கோரி, மருத்துவச் சான்றுடன் ஜூலை மாதமே விண்ணப்பித்தேன். இதுவரை பதில் இல்லை. தாங்கள் இதைத் தேர்வு அதிகாரியிடம் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முன்பு ஒரு முறை, வேறொரு கல்லூரியில், இதே போன்ற ஒரு கோரிக்கையோடு கவுன்டரின் முன் நின்று, கேட்காமலேயே திரும்பி வந்தேன். இம்முறை கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாணவி

அம்மா, எழுந்து ஓடாதே. அப்பாவை அப்புறம் கூப்பிடலாம். முதல்ல படிச்சு முடி.

நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகுது. நீ சமையல்கட்டுல புத்தகத்தை வச்சுக்கிட்டு படிக்கற போட்டோ அனுப்பினே பார், அந்த வாரமே சேர்ந்துட்டேன். உன்கிட்ட சொல்லலை. மறுபடியும் பாதியில விட்டுடுவேனோன்னு பயம். ஒரு வருஷமாவது தேறிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.

நடுவுல நீ தேர்தல்ல நின்னுட்டே. உன் ஒரு நிமிஷப் பேச்சு எனக்கும்தான் வந்தது. மடிக்க வேண்டிய விரிப்பு மலையா குவிஞ்சு கிடக்குது, காதுல உன் குரல். "மாணவர்களின் கனிவான கவனத்திற்கு." ஒரு விரிப்புல முகத்தை மூடிக்கிட்டு அழுதேன். அப்புறம் ஓட்டுப் போட்டேன். நீ மயிரிழையில ஜெயிச்சியே, அதுல ஒரு இழை நான்.

காய்ச்சல் வந்து தாள் போனதும், முடிஞ்சுது கதைன்னுதான் நினைச்சேன். உன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா, நீ கூட்டத்துல கேட்டதை "பொண்ணுக்காகக் கேக்கறா"ன்னு யாராவது சொல்லிடுவாங்க. உன் பேர்ல ஒரு சின்னக் கறை படறதுக்குக்கூட நான் காரணமா இருக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ எவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. யாரோ பெத்த பிள்ளைக்காகன்னு நினைச்சு நீ கேட்டே. அந்தப் பிள்ளை உன் பிள்ளைதான்.

ஒரு மாசம் எழுதாததுக்குக் கோவம் காரணமில்லை. அனுமதி வந்ததும் அதையும் சேர்த்து அனுப்பி உன்னைத் திகைக்க வைக்கலாம்னு தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். வரலை. பழைய ஆளா இருந்தா அப்படியே விட்டிருப்பேன். முந்தாநாள், நம்ம கோரிக்கையைக் கேக்கறதுக்குன்னே ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்களே, நாம ஏன் நகரணும்னு தோணிச்சு. அதான் முறைப்படி உனக்கு எழுதிட்டேன். மத்த மாணவர்களுக்கு என்ன செய்வியோ அதைச் செய், கூட ஒண்ணும் வேண்டாம். நான் ஒரு தடவை சொல்லிட்டேன். நீ போய் ரெண்டு தடவை சொல்லு.

இதுல உனக்கு என்ன லாபம்னு கேட்டேனே, அந்த லாபத்துல என்னையும் சேர்த்துக்கோ.

உன்னை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்மா. மறுபடியும் சொல்றேன், உன்னை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்றேன். டாக்டர் அனுமதி கொடுத்துட்டார்னு ஆரம்பிச்சுடாதே. நான் பேசறேன். நீ "ம்" கொட்டு.

உன் கோட்டான்
(இனிமே ஊமை இல்லை)